ஓசோனைக் காலவாரியாக வரைவது: செயற்கைக்கோள் தரவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வளிமண்டல ஓசோனைச் செயற்கைக்கோள்கள் நாள்தோறும் அளக்கத் தொடங்கி நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தத் தரவு அனைத்தும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சாதாரண மடிக்கணினியும் பைத்தானில் கொஞ்சம் பழக்கமும் இருந்தால், அண்டார்க்டிகாவுக்கு மேலே துளை எப்படி விழுந்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை நீங்களே வரைந்து பார்த்துவிடலாம்.

படம் வரைவது எளிது. ஆனால் பார்ப்பவரை ஏமாற்றாத படம் வரைய வேண்டுமானால் சில முடிவுகளை முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். எந்தக் கருவியின் அளவீடு, அளவீடே இல்லாத இடத்தை எப்படிக் காட்டுவது, நிறம் எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிவது, சராசரி எடுக்கும்போது எதற்கு எவ்வளவு எடை என்பவைதான் அவை. இந்தக் கட்டுரை அந்த முடிவுகளைப் பற்றியது. நிரலை வரிக்கு வரி கொடுக்கவில்லை. எந்த மொழியில் எழுதினாலும் படிகள் இவைதான்.

அளக்கப்படுவது எது?

நாம் அதிகம் பார்க்கும் ஓசோன் படங்கள் 'மொத்த ஓசோன்' பற்றியவை. தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சி வரை செங்குத்தாக ஒரு தூணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தத் தூணுக்குள் இருக்கிற ஓசோன் முழுவதையும் கூட்டிச் சொல்லும் கணக்குதான் மொத்த ஓசோன். அதில் ஏறத்தாழ 90 சதவீதம் ஸ்ட்ராட்டோஸ்பியர் எனப்படும் அடுக்குமண்டலத்தில் இருக்கிறது.

இதற்கான அலகு டாப்சன். தூணில் உள்ள ஓசோனை மட்டும் தனியே பிரித்து, கடல்மட்ட அழுத்தத்தில், 0 டிகிரி செல்சியஸில் தகடாகப் பரப்பினால் அது 0.01 மில்லிமீட்டர் தடிமன் இருக்குமானால், அதுவே 1 டாப்சன். உலகச் சராசரி சுமார் 300 டாப்சன். அதாவது நம் தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் அழுத்தினால் 3 மில்லிமீட்டர்தான் தேறும். பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளில் ஆண்டு முழுவதும் 250 முதல் 280 வரை. வட துருவத்தை ஒட்டிய பகுதிகளில் வசந்த காலத்தில் 400-ஐத் தாண்டும். 220-க்குக் கீழே இறங்கினால் அதை ஓசோன் துளை என்கிறோம். 1979-க்கு முன்பு அண்டார்க்டிகாவில் அவ்வளவு குறைந்த அளவு பதிவானதில்லை என்பதுதான் அந்த எல்லைக்குக் காரணம். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வரையும் முதல் படம் சரியா என்று சோதிக்க இவையே போதும்.

கருவி வேலை செய்யும் விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். சூரியனின் புற ஊதா ஒளி பூமியின் மேல் விழுந்து, சிதறித் திரும்பி விண்வெளிக்கு வருகிறது. சில அலைநீளங்களை ஓசோன் நன்றாக உறிஞ்சும், சிலவற்றை அவ்வளவாக உறிஞ்சாது. இரண்டையும் ஒப்பிட்டு, நடுவில் எவ்வளவு ஓசோன் இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். இதற்கு வெயில் வேண்டும். துருவங்களில் மாதக்கணக்கில் நீளும் இரவில் இந்தக் கருவிகளால் எதையும் அளக்க முடியாது. பின்னால் வரப்போகும் சிக்கல்களில் பாதி இந்த ஒரே காரணத்தால் வருபவை.

முதல் படி: கேள்வியை முடிவு செய்யுங்கள்

தரவைப் பதிவிறக்கும் முன், எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று ஒரு வரியில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 'குறிப்பிட்ட ஒரு நாளில் துளை எங்கே இருந்தது?' என்றால் உங்களுக்கு வேண்டியது துருவத்தை மையமாகக் கொண்ட ஒரு வரைபடம். 'துளை ஆண்டுக்காண்டு எப்படி மாறியது?' என்றால் ஒரு கோட்டுப் படம். 'எந்த அட்சரேகையில், எந்த மாதத்தில், எவ்வளவு?' என்றால் நேரத்தை ஒரு அச்சிலும் அட்சரேகையை மறு அச்சிலும் வைத்து வரையும் நிறப்படம். இந்த மூன்றுக்கும் தேவைப்படும் தரவு வேறு, கையாளும் முறை வேறு. கேள்வி இல்லாமல் இறங்கினால் பல ஜிகாபைட் கோப்புகள் சேரும், படம் சேராது.

இரண்டாம் படி: எந்தக் கருவி?

இங்கே நிதானமாகப் போக வேண்டும். இத்தனை ஆண்டுகளையும் ஒரே கருவி அளந்துவிடவில்லை. தொடர் ஓட்டத்தில் கோலைக் கைமாற்றுவதுபோல ஒரு கருவியிடமிருந்து அடுத்த கருவிக்கு இந்தப் பணி கைமாறி வந்திருக்கிறது.

முதலில் நாசாவின் டாம்ஸ் கருவி. 1978 அக்டோபரில் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் இருந்துகொண்டு 1993 மே வரை அளந்தது. 1991-இல் சோவியத் செயற்கைக்கோளான மீட்டியார்-3 மீது இன்னொரு டாம்ஸ் போனது, 1994 டிசம்பரில் நின்றுவிட்டது. அடுத்தது எர்த் ப்ரோப் டாம்ஸ். அது வேலையைத் தொடங்கியது 1996 ஜூலையில். ஆக, 1995 முழுவதும் டாம்ஸ் அளவீடு இல்லை. டாம்ஸ் தரவை வைத்து வரையப்பட்ட கோட்டுப் படத்தில் 1995 காலியாக இல்லாவிட்டால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் கேளுங்கள்.

2004 ஜூலையில் ஆரா செயற்கைக்கோள் ஓமி கருவியைச் சுமந்து சென்றது. நெதர்லாந்தும் பின்லாந்தும் சேர்ந்து நாசாவுக்கு அளித்த கருவி அது. 2011 அக்டோபரில் ஏவப்பட்ட சுவோமி என்பிபி செயற்கைக்கோளில் ஓம்ப்ஸ் கருவி. அதே குடும்பத்துக் கருவிகள் 2017-இலும் 2022-இலும் ஏவப்பட்ட நோவா-20, நோவா-21 செயற்கைக்கோள்களில் இருக்கின்றன. ஐரோப்பாவின் பக்கம் 1995-இல் தொடங்கிய கோம் கருவி, என்விசாட்டில் இருந்த ஸ்கியாமாக்கி, மெட்டாப் வரிசையின் கோம்-2, 2017 அக்டோபரில் போன சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மிகக் கூர்மையான கருவியைத் தேடிப் போகிறார்கள். ட்ரோபோமி நேர் கீழே பார்க்கும்போது சில கிலோமீட்டர் அகலமுள்ள பிக்சலை அளக்கிறது. டாம்ஸ் பிக்சல் 50 கிலோமீட்டர். ஆனாலும் காலமாற்றத்தைக் காட்ட ட்ரோபோமி உதவாது, ஏனெனில் அதன் கையில் இருப்பது 2017-இன் இறுதியிலிருந்து வரும் தரவு மட்டும். ஓசோன் துளை ஒரு கண்டத்தைவிடப் பெரியது. அதைப் பார்க்க 1 டிகிரி கட்டமே தாராளம்.

இரண்டு கருவிகளை ஒட்டும்போது இன்னொரு ஆபத்து உண்டு. ஒரே நாளில் ஒரே இடத்தை அளந்தாலும் கருவிகளுக்கிடையே ஒன்றிரண்டு சதவீத வேறுபாடு வரலாம். துருவங்களுக்கு வெளியே ஓசோன் மீண்டு வரும் வேகம் பத்தாண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கருவி மாறும் இடத்தில் எண்ணில் விழும் திடீர்த் தாவல், இயற்கையின் மாற்றத்தைவிடப் பெரிதாகிவிடும். எனவே நீண்ட காலப் போக்கைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால், நீங்களே ஒட்ட வேண்டாம். வல்லுநர்கள் ஒப்பிட்டுச் சீர்செய்து இணைத்த தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். புற ஊதா ஒளியால் அளக்கும் எஸ்பியுவி வரிசைக் கருவிகளை இணைத்து நாசா தரும் தொகுப்பு 1970-இலிருந்து மாதச் சராசரிகளைத் தருகிறது. நெதர்லாந்து வானிலை நிறுவனமான கேஎன்எம்ஐ பல கருவிகளை ஒரு கணினி மாதிரியோடு இணைத்து உருவாக்கிய மறுபகுப்பாய்வுத் தொகுப்பும் இருக்கிறது. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் காலநிலைத் தரவுக் கிடங்கிலும் இணைத்த தொகுப்புகள் கிடைக்கின்றன.

மறுபகுப்பாய்வில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துருவ இரவில் அளவீடு இல்லாத இடங்களையும் மாதிரி நிரப்பிவிடும். படம் ஓட்டையில்லாமல் அழகாக வரும். அந்த இடத்தில் இருப்பது அளவீடல்ல, கணிப்பு. அதை எடுத்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் படத்தின் அடியில் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் படி: தரவை எடுப்பது

நிரல் எழுதாமலே முதலில் கை நனைக்க இரண்டு வழிகள் உண்டு. நாசாவின் ஜியோவானி என்ற இணையக் கருவியில் ஓசோன், தேதி, பகுதி மூன்றையும் தேர்ந்தெடுத்தால் அதுவே வரைபடமோ கோட்டுப் படமோ தந்துவிடும். இல்லாவிட்டால் ஒரு கோப்பைப் பதிவிறக்கி, பனோப்ளி என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். நாசாவின் காடர்டு விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கியது அது. நான் புதியவர்களுக்குச் சொல்வது பனோப்ளியைத்தான். கோப்புக்குள் என்னென்ன மாறிகள் இருக்கின்றன, அலகு என்ன, அச்சுகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்பதெல்லாம் கண்முன்னால் விரியும். பின்னர் நிரல் எழுதும்போது தடுமாற்றம் இருக்காது.

நிரலுக்கு வந்தால், நாசா கோப்புகளுக்கு எர்த்டேட்டா கணக்கு வேண்டும், கட்டணம் இல்லை. கணக்கு தொடங்கிய கையோடு, உங்கள் சுயவிவரப் பக்கத்தில் ஜிஇஎஸ் டிஸ்க் தரவுக் காப்பகத்துக்கு அனுமதி கொடுத்துவிடுங்கள். கடவுச்சொல் சரியாக இருந்தும் பதிவிறக்கம் மறுக்கப்பட்டால், முதலில் பார்க்க வேண்டியது இந்த அனுமதியைத்தான்.

கோப்புகள் நிலைவாரியாக இருக்கும். இரண்டாம் நிலை என்பது செயற்கைக்கோள் ஓடிய பாதையில் எடுத்த பிக்சல்கள் அப்படியே. மூன்றாம் நிலை என்பது அவற்றை ஒரு நாளுக்கு ஒன்றாகச் சீரான கட்டத்தில் அடுக்கியது. தொடங்குபவருக்கு மூன்றாம் நிலைதான். இரண்டாம் நிலையைத் தொட்டால் பாதையின் ஓரத்தில் விரியும் பிக்சல்கள், ஒன்றின் மேல் ஒன்று விழும் பாதைகள், தரக் குறியீடுகள் என்று வேலை பத்து மடங்காகும்.

நான்காம் படி: கோப்பைத் திறந்து, இல்லாததை அடையாளம் காண்பது

பைத்தானில் எக்ஸ்அரே (xarray) நூலகம் இந்த வேலைக்கு ஏற்றது. நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றைப் பெயரோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். கோப்பைத் திறந்ததும் மூன்றைப் பாருங்கள். ஓசோன் மாறியின் பெயர் என்ன, அலகு என்ன, அளவீடு இல்லாத இடத்துக்கு எந்த எண் போடப்பட்டிருக்கிறது.

இந்த மூன்றாவதில்தான் நிறையப் படங்கள் கெட்டுப்போகின்றன. பழைய டாம்ஸ் உரைக் கோப்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு அளவும் மூன்று இலக்கம், ஒரு வரியில் 25 அளவுகள், நடுவில் இடைவெளியே இல்லாமல் ஒட்டியபடி இருக்கும். 287291290 என்றால் 287, 291, 290. இடைவெளியை நம்பிப் பிரிக்கும் நிரல் அங்கே தோற்றுப்போகும். மூன்று மூன்று எழுத்துகளாக வெட்டித்தான் படிக்க வேண்டும். அதே கோப்பில் 0 என்றால் ஓசோன் இல்லை என்று பொருளல்ல, அளவீடு இல்லை என்று பொருள். ஓமி கோப்புகளிலோ அதே இடத்தில் முப்பத்தொரு இலக்க மைனஸ் எண் ஒன்று நிற்கும். அதை நீக்காமல் சராசரி எடுத்தால் விடை அபத்தமாக வரும், உடனே தெரிந்துவிடும். சுழியம்தான் ஆபத்து. சராசரியைச் சத்தமில்லாமல் கீழே இழுத்து, குளிர்காலத் துருவத்தில் பொய்யான ஒரு துளையை உருவாக்கிவிடும். எனவே எந்தக் கணக்குக்கும் முன்னால், நிரப்பு எண்களை எல்லாம் 'எண் அல்ல' என்ற குறியாக மாற்றிவிடுங்கள்.

அதே வேளையில், விசித்திரமாகத் தெரிகிறது என்பதற்காக எந்த அளவீட்டையும் தூக்கி எறியாதீர்கள். ஓசோன் துளையின் வரலாறே இதற்குச் சான்று. 1985 மே மாதம் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய மூன்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்தில் தரையிலிருந்து எடுத்த அளவீடுகளை வைத்து ஓசோன் சரிவை அறிவித்தார்கள். நிம்பஸ்-7 அந்தச் சரிவை மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தது. 180 டாப்சனுக்குக் கீழே வந்த அளவீடுகளுக்கு, அவ்வளவு குறைவாக இருக்க முடியாது என்ற எண்ணத்தில், நாசாவின் மென்பொருள் சந்தேகக் குறி போட்டு வைத்திருந்தது. குறி போட்டதே தவிர அழிக்கவில்லை. அதனால்தான் நாசா குழுவால் அவற்றைச் சரிபார்த்து, சரிவு ஒரு நிலையத்தின் மேல் மட்டும் அல்ல, கண்டம் முழுவதும் பரவியிருக்கிறது என்று படமாகவே காட்ட முடிந்தது. உங்கள் நிரலில் 150-க்குக் கீழே உள்ளதை எல்லாம் நீக்கு என்று ஒரு வரி இருந்தால், நீங்கள் தேடி வந்த பொருளையே நீக்குகிறீர்கள். நாசா பதிவுகளில் மிகக் குறைந்த அளவு 73 டாப்சன், 1994 செப்டம்பர் 30 அன்று.

ஓமி தரவில் வரும் இன்னொரு காலி இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 2007-இலிருந்து, குறிப்பாக 2009-க்குப் பிறகு, கருவியின் பார்வையில் ஒரு பகுதி தடைபட்டுவிட்டது. அதனால் தினசரி வரைபடங்களில் பாதையை ஒட்டிக் கோடுகோடாக வெற்றிடம் தெரியும். அது உங்கள் நிரலின் பிழை அல்ல.

ஐந்தாம் படி: முதல் வரைபடம்

அக்டோபர் மாதத்தில் ஒரு நாளை எடுங்கள். அந்த நேரத்தில் தென் துருவத்துக்கு வெயில் வந்துவிடும், வெற்றிடம் குறைவாக இருக்கும்.

எல்லோரும் முதலில் வரைவது நீள்சதுர உலகப்படம். அதில் அண்டார்க்டிகா படத்தின் அடிப்பகுதி முழுவதும் இழுபட்டுக் கிடக்கும், துளையின் உருவமே தெரியாது. பைத்தானில் வரைபடம் வரைய உதவும் கார்டோபை நூலகத்தில், தென் துருவத்தை மையமாக்கும் வீச்சைத் (உருண்டையான பூமியைத் தட்டையாக வரையும் முறையை) தேர்ந்தெடுங்கள். பரப்பளவு உங்களுக்கு முக்கியம் என்றால் லாம்பர்ட்டின் சமபரப்பு வீச்சு நல்லது. கண்ணுக்குத் தெரியும் அளவும் உண்மையான பரப்பும் ஒத்துப்போகும்.

வரைந்ததும் துருவத்திலிருந்து வெளிநோக்கி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தால் கவலைப்பட வேண்டாம். முதல் தீர்க்கரேகைக்கும் கடைசித் தீர்க்கரேகைக்கும் நடுவே உள்ள விரிசல் அது. தரவின் முதல் நெடுவரிசையை இறுதியில் ஒருமுறை திரும்பச் சேர்த்தால் மூடிவிடும், கார்டோபையிலேயே அதற்கு வசதி உண்டு. ஆனால் 180 டிகிரியில் நிறம் சட்டென்று மாறினால் அது வேறு விஷயம். செயற்கைக்கோள் ஒரு நாளில் பதினான்கு பதினைந்து முறை பூமியைச் சுற்றித்தான் முழு உலகத்தையும் பார்க்கிறது. தேதிக்கோட்டின் இரு பக்கமும் உள்ள அளவீடுகளுக்கு நடுவே ஏறத்தாழ ஒரு நாள் இடைவெளி இருக்கும். அதற்குள் காற்று நகர்ந்திருக்கும். அந்த மாற்றம் உண்மையானது, அதை மழுப்ப வேண்டாம்.

படம் தலைகீழாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சில கோப்புகளில் வரிசை தெற்கிலிருந்து தொடங்கும், சிலவற்றில் வடக்கிலிருந்து. அக்டோபர் படத்தில் குறைந்த அளவு தென் துருவத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது நிறம். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. நிற அளவுகோலின் இரு முனைகளையும் ஒருமுறை நிர்ணயித்தால் தொடரின் கடைசிப் படம் வரை அதை மாற்றவே கூடாது. 100 முதல் 500 டாப்சன் என்பது எல்லாப் பருவத்துக்கும் பொருந்தும். வரையும் மென்பொருளை அதன் போக்கில் விட்டால், ஒவ்வொரு படத்துக்கும் அன்றைய குறைந்த அளவையும் கூடிய அளவையும் முனைகளாக எடுத்துக்கொள்ளும். 1979-இன் குறைந்த அளவும், அதைவிட வெகுவாகக் கீழே இறங்கிய 2006-இன் குறைந்த அளவும் ஒரே கருநீலத்தில் வந்து நிற்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு ஒன்றுமே மாறவில்லை என்று தோன்றும்.

வானவில் வரிசை ஓசோன் படங்களில் பழக்கமானது என்றாலும், அதில் மஞ்சள் மட்டும் பளிச்சென்று எழுந்து, தரவில் இல்லாத ஓர் எல்லையைக் கண்ணுக்குக் காட்டும். சிவப்பு, பச்சை பிரித்தறிய இயலாதவர்களுக்கு அது குழப்பம். விரிடிஸ் போலக் கருமையிலிருந்து வெளிச்சத்துக்குச் சீராக ஏறும் வரிசையை எடுங்கள். 220 டாப்சன் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு தடித்த கோடு போடுங்கள். துளை எது என்ற கேள்விக்கு அந்தக் கோடு பதில் சொல்லும், நிறத்தின் தலையில் அந்தச் சுமையை ஏற்ற வேண்டியதில்லை. அளவீடு இல்லாத இடத்துக்குச் சாம்பல் நிறம் கொடுங்கள். அளவுகோலில் இல்லாத நிறமாக அது இருக்க வேண்டும்.

ஆறாம் படி: ஆண்டுகளைக் கோடாக்குவது

இப்போது ஒவ்வொரு ஆண்டையும் ஓர் எண்ணாகச் சுருக்க வேண்டும். தெற்கே 63 டிகிரியிலிருந்து துருவம் வரையுள்ள பகுதியின் அக்டோபர் சராசரி என்பது ஆய்வாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஓர் எண். இன்னொன்று துளையின் பரப்பு, செப்டம்பர் 7 முதல் அக்டோபர் 13 வரையிலான சராசரி. எதை எடுத்தாலும் எல்லா ஆண்டுக்கும் அதே தேதிகள், அதே பகுதி.

சராசரி எடுக்கும்போது கட்டங்களின் பரப்பை மறக்கக் கூடாது. பூமத்திய ரேகையில் 1 டிகிரி கட்டத்தின் பரப்பு சுமார் 12,360 சதுர கிலோமீட்டர். 60 டிகிரியில் அதில் பாதி. துருவத்தை ஒட்டிய கடைசிக் கட்டம் சுமார் 108 சதுர கிலோமீட்டர்தான். எல்லாக் கட்டத்தையும் சமமாக எண்ணினால், துருவத்தைச் சுற்றியுள்ள சிறு வட்டம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அட்சரேகையின் கொசைனை எடையாகக் கொடுத்தால் போதும், எக்ஸ்அரேயில் இது ஒரே வரி. பரப்பைக் கணக்கிடும்போது 220-க்குக் கீழே உள்ள கட்டங்களை எண்ணாமல், அவற்றின் சதுர கிலோமீட்டரைக் கூட்டுங்கள்.

கோட்டை வரையும்போது தரவு இல்லாத ஆண்டைத் தாண்டி இழுக்காதீர்கள், அந்த இடத்தில் கோடு அறுபட்டு நிற்கட்டும். ஒவ்வோர் ஆண்டையும் புள்ளியாகவும் காட்டுங்கள். கருவி மாறிய ஆண்டுகளில் மெல்லிய செங்குத்துக் கோடு போட்டால், பார்ப்பவர் தாமே எடைபோட்டுக்கொள்வார்.

சரியாக வந்திருந்தால் உங்கள் படத்தில் 1980-களில் செங்குத்தான சரிவும், 1990-களிலிருந்து அடிமட்டத்தில் ஏறி இறங்கும் நிலையும் தெரியும். 2002 தனியாக மேலே துள்ளி நிற்கும். அந்த ஆண்டு செப்டம்பரில் அடுக்குமண்டலம் திடீரென வெப்பமடைந்து, துளை இரண்டாகப் பிளந்தது. செப்டம்பர் 25 வரைபடத்தைத் தனியே வரைந்து பாருங்கள், இரண்டு கண்கள்போல அடுத்தடுத்து நிற்கும். 2019-உம் அதேபோல மேலே நிற்கும், காரணமும் வெப்பமடைதலே. இந்த இரண்டு ஆண்டுகளையும் பார்த்து ஓசோன் மீண்டுவிட்டது என்று எழுதினால் தவறாகும். அவை வானிலையின் விளைவு. ஓசோனைச் சிதைக்கும் குளோரின் குறைவதால் வரும் மீட்சி பல பத்தாண்டுகள் நீளும். அந்தக் குளோரினை வெளியிடும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது 1987 செப்டம்பர் 16-இல். 2022-ஆம் ஆண்டின் சர்வதேச மதிப்பீட்டின்படி, அண்டார்க்டிகா 1980-இன் நிலைக்குத் திரும்புவது 2066 வாக்கில்தான்.

ஏழாம் படி: காலமும் அட்சரேகையும் ஒரே படத்தில்

எனக்கு மிகப் பிடித்த படம் இதுதான். ஒவ்வொரு மாதத்துக்கும், ஒவ்வோர் அட்சரேகையிலும், உலகைச் சுற்றிவர உள்ள எல்லாத் தீர்க்கரேகைகளையும் சராசரியாக்குங்கள். காலத்தைக் கிடை அச்சில், அட்சரேகையைச் செங்குத்து அச்சில் வைத்து நிறமாக வரையுங்கள். ஒரே தாளில் நாற்பது ஆண்டு உலகம்.

நடுவில் பூமத்திய ரேகையை ஒட்டி அமைதியான ஒரு பட்டை, ஏறக்குறைய மாறாமல் ஓடும். சூரிய ஒளி அதிகம் விழுவதால் ஓசோன் பெரும்பாலும் உருவாவது அங்கேதான். ஆனால் மேலடுக்குக் காற்றோட்டம் அதைத் துருவங்களை நோக்கிச் சுமந்து சென்றுவிடுகிறது, அதனால் அங்கே அளவு குறைவு. மேலே வடக்கில் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை உயர்ந்த அளவு ஒரு திட்டாகத் தெரியும். கீழே தெற்கில் செப்டம்பர், அக்டோபரில் 50 முதல் 60 டிகிரி வரை ஓர் உயர்ந்த பட்டை, அதற்குக் கீழே துளை. 1979-இல் அந்த இடம் வெறும் மங்கலாக இருக்கும், 1980-களின் பாதிக்குள் கருத்துவிடும். இரு துருவங்களிலும் மாறி மாறி வெற்று முக்கோணங்கள் தெரிய வேண்டும். அவை துருவ இரவுகள். உங்கள் படத்தில் அவை இல்லையென்றால், தரவு மாதிரியால் நிரப்பப்பட்டது, அல்லது நிரல் எங்கோ இடைவெளியைத் தானாகப் பூசிவிட்டது.

முக்கோணத்தின் ஓரத்தில் கவனம் தேவை. ஆகஸ்டில் தெற்கே 75 டிகிரிக்கு அருகே மாதத்தின் பிற்பகுதியில் மட்டும் வெயில் எட்டிப்பார்க்கும். அந்த ஒருசில நாள்களின் சராசரியை மாதச் சராசரி என்று போடக் கூடாது. குறைந்தது இருபது நாள் அளவீடு இருந்தால்தான் அந்தக் கட்டத்துக்கு நிறம் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படத்துக்கும் ஒரு குறை உண்டு. துளை எப்போதும் துருவத்தில் நடுநாயகமாக அமர்வதில்லை, ஒரு பக்கம் சாயும், நீளும். 65 டிகிரி சுற்றளவில் ஒரு பாதி துளைக்குள்ளும் மறு பாதி அதைச் சூழ்ந்த உயர்ந்த பட்டையிலும் இருக்கலாம். இரண்டையும் கலந்த சராசரி, இரண்டுக்கும் பொருந்தாத ஓர் எண். அதனால் இந்தப் படத்தை வைத்துத் துளையின் ஆழத்தைச் சொல்லாதீர்கள், அதற்கு வரைபடம்தான்.

பருவத்தை நீக்கிப் பார்க்க விரும்பினால், ஒவ்வொரு மாதத்திலிருந்தும் அந்த மாதத்தின் நீண்ட காலச் சராசரியைக் கழியுங்கள். எந்த ஆண்டுகளின் சராசரி என்பதை எழுதுங்கள். 1980-களா, முழுக் காலமா என்பதைப் பொறுத்து நிறமே மாறும். இங்கே நிறவரிசையும் மாற வேண்டும்: சுழியத்தில் வெள்ளை, ஒரு பக்கம் நீலம், மறு பக்கம் சிவப்பு, இரு முனைகளும் சம தூரத்தில். இந்தப் படத்தில் 1991 ஜூனில் வெடித்த பினாட்டுபோ எரிமலையின் தடம் அடுத்த இரண்டு ஆண்டுகளில் குறைவாகத் தெரியும். பூமத்திய ரேகையின் மேல் ஏறத்தாழ 28 மாதத்துக்கு ஒருமுறை திசை மாறும் அடுக்குமண்டலக் காற்றின் தாளமும் வரிவரியாக வெளிப்படும்.

அனிமேஷன் பற்றி

கேட்காதவர் இல்லை என்பதால் சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டின் அக்டோபர் சராசரி வரைபடத்தையும் தனிப் படமாகச் சேமித்து, எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு இணைத்தால் அனிமேஷன் தயார். ஆண்டை ஒரே மூலையில் பெரிதாகப் போடுங்கள், படத்துக்குப் படம் அது இடம் மாறக் கூடாது. நொடிக்கு இரண்டு அல்லது மூன்று படம் போதும். தரவு இல்லாத ஆண்டைத் தாண்டி ஓடாமல், முழுச் சாம்பல் படம் ஒன்றை அந்த இடத்தில் வையுங்கள். அனிமேஷன் மனத்தில் பதியும், ஆனால் இரண்டு ஆண்டுகளை ஒப்பிட அது உதவாது. அதற்குச் சிறு வரைபடங்களை வரிசையாக ஒரே பக்கத்தில் அடுக்குவதே மேல்.

வெளியிடும் முன்

உங்கள் எண்களை நாசாவின் ஓசோன் வாட்ச் தளத்தில் உள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். ஒரு நாளில் பதிவான மிகப் பெரிய துளை 2000 செப்டம்பர் 9-இல், 2 கோடியே 99 லட்சம் சதுர கிலோமீட்டர். உங்கள் கணக்கில் அந்த நாளுக்கு அதை ஒட்டிய எண் வர வேண்டும். பாதியோ இரண்டு மடங்கோ வந்தால் பரப்பு எடையில் பிழை. பல லட்சம் கூடுதலாக வந்தால், துருவ இரவின் நிரப்பு எண்கள் 220-க்குக் கீழானவையாக எண்ணப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சிறிய வேறுபாடு இருந்தால் அது இயல்பு, ஏனெனில் அளவீடு இல்லாத இடத்தை அவர்கள் மாதிரியின் துணையோடு நிரப்புகிறார்கள்.

படத்தின் அடியில் எழுத வேண்டியவை: கருவி அல்லது தொகுப்பின் பெயர், அதன் பதிப்பு எண், காலம், கட்டத்தின் அளவு, அலகு, சராசரி எடுத்த பகுதி, சாம்பல் நிறத்தின் பொருள், தரவைப் பதிவிறக்கிய தேதி. பதிப்பு எண்ணை விட்டுவிடாதீர்கள். இந்தத் தொகுப்புகளை அவ்வப்போது மறுபடியும் கணக்கிட்டு வெளியிடுகிறார்கள், பழைய ஆண்டுகளின் எண்களும் அப்போது சற்று மாறும். அடுத்த ஆண்டு புதிய அக்டோபரைச் சேர்க்கும்போது, கடைசிப் புள்ளியை மட்டும் ஒட்டாமல் முழுத் தொடரையும் புதிய பதிப்பிலிருந்து மறுபடி வரையுங்கள்.